டைட்டில் ஒன் கடிதம் வந்திருக்கிறதா? நடுநிலைப் பள்ளிப் பெற்றோர் படிப்படியாகச் செய்ய வேண்டியவை

பள்ளி திறந்து சில வாரங்களில், அமெரிக்காவின் பல நடுநிலைப் பள்ளிகளிலிருந்து வீட்டுக்கு ஒரு கடிதம் வரும். "உங்கள் பள்ளி டைட்டில் ஒன் நிதி பெறுகிறது" என்றோ, "உங்கள் பிள்ளை கூடுதல் கணிதப் பயிற்சிக்கு (அல்லது வாசிப்புப் பயிற்சிக்கு) தேர்வாகியிருக்கிறார்" என்றோ அதில் இருக்கும். தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கடிதம் கிளப்பும் கலக்கத்தைப் பல முறை பார்த்திருக்கிறேன். பிள்ளை படிப்பில் பின்தங்கிவிட்டானா, நம் வருமானத்தைக் குறைவாக எண்ணிவிட்டார்களா, கையெழுத்துப் போட்டால் விசாவுக்கு ஏதாவது சிக்கல் வருமா என்று கேள்விகள் வரிசைகட்டி நிற்கும். சிலர் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். சிலர் மானப் பிரச்சினையாக நினைத்து மறுத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் தனியார் டியூஷனில் சேர்க்கிறார்கள். இரண்டிலும் இழப்பு பிள்ளைக்குத்தான். ஏனெனில் இந்தக் கடிதத்தோடு சட்டம் உங்களுக்குச் சில உரிமைகளையும் தருகிறது. அவற்றைப் பயன்படுத்தும் வழியை முதன்முறை கடிதம் பெறுவோருக்காக இங்கே எழுதுகிறேன்.

படி 1: இந்தப் பணம் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

1965 ஏப்ரல் 11 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன், டெக்சாஸில் தாம் சிறுவனாகப் படித்த ஓரறைப் பள்ளியின் முன் அமர்ந்து, தம் முதல் ஆசிரியை பக்கத்தில் இருக்க, தொடக்க மற்றும் இடைநிலைக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இளம் வயதில் அதே மாநிலத்தின் கொட்டுல்லா ஊரில் ஏழை மெக்சிக்கக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர் அவர். அந்தச் சட்டத்தின் முதல் தலைப்புதான் டைட்டில் ஒன். இப்போது நடப்பில் இருப்பது அதன் 2015ஆம் ஆண்டுத் திருத்த வடிவம். அண்மை ஆண்டுகளில் மத்திய அரசு இதற்கு ஆண்டுதோறும் சுமார் 1,800 கோடி டாலர் ஒதுக்கி வந்திருக்கிறது.

குறைந்த வருமானக் குடும்பங்கள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு இந்தப் பணம் போகிறது. ஒரு பள்ளி தகுதி பெறுமா என்பதைத்தான் வருமானக் கணக்கு முடிவு செய்கிறது. நடுநிலைப் பள்ளியில் எந்த மாணவருக்கு உதவி என்பதைப் படிப்பு நிலைதான் முடிவு செய்கிறது. பள்ளியில் டைட்டில் ஒன் திட்டம் இருந்து, உங்கள் மகளுக்கு வாசிப்பில் தடுமாற்றமும் இருந்தால், உங்கள் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் அவளுக்கு உதவி கிடைக்கலாம். குடியேற்ற நிலையையும் இதற்குப் பார்ப்பதில்லை. ஆவணமற்ற குடும்பங்களின் பிள்ளைகளையும் பொதுப் பள்ளிகள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1982லேயே தீர்ப்பளித்துவிட்டது.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இலவச மதிய உணவுக்கான வருமானப் படிவம் வந்தால், வரம்புக்குள் இருப்பவர்கள் கூச்சப்பட்டு அதை ஒதுக்கிவைக்க வேண்டாம். பல மாவட்டங்களில் எந்தப் பள்ளிக்கு எவ்வளவு டைட்டில் ஒன் பணம் என்பதை அந்தக் கணக்கை வைத்தே பிரிக்கிறார்கள். உங்கள் பிள்ளை வீட்டுச் சாப்பாட்டையே எடுத்துப் போனாலும், நீங்கள் நிரப்பும் படிவத்தால் அந்தப் பள்ளி முழுவதும் பயனடையக்கூடும்.

படி 2: உங்கள் பள்ளி எந்த வகை என்று பாருங்கள்

வகை இரண்டு. மாணவர்களில் 40% அல்லது அதற்கு மேற்பட்டோர் குறைந்த வருமானக் குடும்பத்தினர் என்றால், அந்தப் பள்ளி பணத்தை முழுப் பள்ளிக்கும் செலவிடலாம். கூடுதல் ஆசிரியர், கணிதப் பயிற்றுநர், மாலை வகுப்பு என எதுவும் அதில் அடங்கும். இத்தகைய பள்ளியின் கடிதம் பொதுவான அறிவிப்பாகவே இருக்கும், உங்கள் பிள்ளையின் பெயர் அதில் இருக்காது.

மற்ற பள்ளிகளில் குறிப்பிட்ட மாணவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து உதவுகிறார்கள். பிள்ளையின் பெயரோடு வரும் கடிதம் பெரும்பாலும் இந்த வகை. எது என்று புரியவில்லையென்றால் பள்ளி அலுவலகத்தைத் தொலைபேசியில் கேளுங்கள், ஒரு நிமிட வேலை.

கடிதம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்து வீட்டில் யாருக்காவது புரியவில்லையென்றால் மொழிபெயர்ப்பு கேட்கலாம். இயன்ற வரை பெற்றோருக்குப் புரியும் மொழியில் தகவல் தர வேண்டும் என்கிறது சட்டம். தமிழில் எழுத்து வடிவம் கிடைப்பது அரிது, ஆனால் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்துதரும் பள்ளிகள் உண்டு. பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். தன்னைப் பற்றி ஆசிரியர் சொல்லும் குறையைத் தானே அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய நிலை பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வரக்கூடாது.

படி 3: எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேளுங்கள்

மற்றவை தவறினாலும் இந்தப் படி தவறக்கூடாது. மூன்றாம் வகுப்பிலிருந்து, ஒன்றுக்கு மேற்பட்ட புறநிலை அளவுகோல்களைக் கொண்டே மாணவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாநிலத் தேர்வு, ஆண்டில் சில முறை கணினியில் நடக்கும் மதிப்பீடு, வகுப்பு மதிப்பெண், ஆசிரியரின் குறிப்பு ஆகியவை அதில் வரும். அந்த முடிவுகளைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவேடு தனியுரிமைச் சட்டப்படி, நீங்கள் கேட்ட 45 நாட்களுக்குள் பள்ளி காட்டியாக வேண்டும். நடைமுறையில் ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாலே போதும். நீங்கள் எழுதும் ஆங்கிலத்தில் இந்தப் பொருள் வரட்டும்:

"என் மகன் கூடுதல் கணிதப் பயிற்சிக்குத் தேர்வானதாகக் கடிதம் கிடைத்தது, நன்றி. எந்தத் தேர்வுகளின் அடிப்படையில் தேர்ந்தெடுத்தீர்கள்? பாடப் பகுதிவாரியான முடிவுகளை அனுப்ப முடியுமா? அவனுக்குத் தடுமாற்றம் எந்தப் பகுதியில்? பயிற்சி வாரத்தில் எத்தனை நாள், எந்தப் பாடவேளையில், யார் நடத்துகிறார்கள்?"

பகுதிவாரியான முடிவு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். "4 நோட்டுப் புத்தகங்களின் விலை 6 டாலர். அப்படியானால் 10 புத்தகங்கள் எவ்வளவு?" ஆறு, ஏழாம் வகுப்புகளில் இது அன்றாடக் கணக்கு. விடை 15. ஆனால் 12 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய உண்டு. நான்கு பத்தானபோது ஆறு கூடியது, ஆகவே ஆறு டாலரோடும் ஆறைக் கூட்டிவிடுகிறார்கள். இந்தப் பிள்ளைக்கு வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும், வகுத்தலில் பிழையே இருக்காது. பெருக்கல் வழியாக வளரும் உறவைக் கூட்டல் வழியாகப் பார்ப்பதுதான் தடுமாற்றம். வீட்டில் நூறு பெருக்கல் கணக்குகளைக் கொடுத்து உட்கார வைத்தாலும் இது சரியாகாது. விலைப்பட்டியல் போல இரண்டு வரிசை போட்டு, 2 புத்தகம் 3 டாலர், 4 புத்தகம் 6 டாலர், 6 புத்தகம் 9 டாலர் என்று எழுதிக்கொண்டே போனால் அவனே பிழையைக் கண்டுபிடிப்பான். நல்ல பயிற்சி ஆசிரியர் இதைத்தான் செய்வார். "கணிதத்தில் பலவீனம்" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு வீட்டில் எதுவும் செய்ய முடியாது. "விகிதத்தில் தடுமாற்றம்" என்று தெரிந்தால் அன்று மாலையே உட்காரலாம்.

தமிழ்நாட்டிலிருந்து ஆறாவது, ஏழாவதில் வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. எண்களில் கெட்டி, ஆனால் நாலு வரி ஆங்கிலக் கதையாக வரும் கணக்கைப் படித்து முடிப்பதற்குள் நேரம் ஓடிவிடும். அங்கே வேண்டியது வாசிப்புப் பயிற்சியா, கணிதப் பயிற்சியா என்று நேரடியாகக் கேளுங்கள்.

படி 4: எந்தப் பாடவேளையில் என்று கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்

தொடக்கப் பள்ளியில் பயிற்சி ஆசிரியர் பிள்ளையை அரை மணி நேரம் அழைத்துப் போய்விட்டுத் திரும்ப விடுவார். நடுநிலைப் பள்ளியில் பாடவேளைகள் கட்டமாக இருப்பதால், கூடுதல் வகுப்பு வந்தால் வேறொன்று போக வேண்டும். போவது பெரும்பாலும் விருப்பப் பாடம், அதாவது பேண்ட் இசை, ஓவியம், நாடகம். வயலின் வகுப்புக்காகவே பள்ளிக்கு ஆசையாகப் போகும் பிள்ளையிடமிருந்து அதைப் பறித்து, அந்த நேரத்தில் பின்ன கணக்குப் போடச் சொன்னால் பயிற்சியின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

மாணவர்களைத் தேர்ந்தெடுத்து உதவும் பள்ளிகள், வழக்கமான வகுப்பிலிருந்து பிள்ளையைப் பிரித்தெடுப்பதைக் குறைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பள்ளிக்கு முன்போ பின்போ, கோடையிலோ நடத்தவும் இடமுண்டு. ஆகவே "மாலையில் நடத்த முடியுமா? ஒரு பருவம் மட்டும் போதுமா? பயிற்சி ஆசிரியர் கணித வகுப்புக்குள்ளேயே வந்து உதவ முடியுமா?" என்று கேளுங்கள். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா எடுக்கும் வாய்ப்பை இந்தப் பயிற்சி பாதிக்குமா என்பதையும் பள்ளி ஆலோசகரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: கையெழுத்து, கெடு தேதி

கடிதத்தின் கடைசிப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். சில பள்ளிகள் கையெழுத்து வந்த பிறகே பயிற்சியைத் தொடங்கும். சில பள்ளிகள் நீங்கள் மறுத்து எழுதாதவரை தானாகவே தொடங்கிவிடும்.

கூடவே பள்ளி, பெற்றோர், மாணவர் மூவரின் பொறுப்புகளையும் சொல்லும் ஓர் உடன்படிக்கைத் தாளும் வரும். இது பெற்றோரோடு சேர்ந்து உருவாக்க வேண்டிய ஆவணம். அதில் பள்ளி எதற்குப் பொறுப்பேற்கிறது என்ற பகுதியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பெற்றோர் செய்ய வேண்டியவை பத்து வரி, பள்ளி செய்ய வேண்டியவை இரண்டு வரி என்று இருந்தால், அடுத்த கூட்டத்தில் அதை எழுப்புங்கள்.

படி 6: ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள்

டைட்டில் ஒன் பள்ளி ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பெற்றோர் கூட்டம் கூட்டி, திட்டத்தையும் பெற்றோரின் உரிமைகளையும் விளக்க வேண்டும். பல இடங்களில் இது செப்டம்பர் மாதத்தில் பெற்றோருக்காக நடக்கும் மாலை நிகழ்ச்சியோடு சேர்ந்து நடக்கும். கவனிக்காவிட்டால் வகுப்பறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். மற்ற கூட்டங்களைக் காலையிலும் மாலையிலும் வைக்கவும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்யவும், போக்குவரத்துக்கும் இந்த நிதியைப் பயன்படுத்தலாம். இரவுப் பணிக்குப் போகிறவரா, கைக்குழந்தை இருக்கிறதா? முன்கூட்டியே சொல்லுங்கள்.

கேட்க வேண்டிய ஒரு கேள்வி: "பெற்றோர் பங்கேற்புக்கான பணம் எதற்குச் செலவாகிறது?" 5 லட்சம் டாலருக்கு மேல் டைட்டில் ஒன் நிதி பெறும் மாவட்டம், குறைந்தது 1 சதவீதத்தைப் பெற்றோர் பங்கேற்புக்கு ஒதுக்க வேண்டும். அதில் குறைந்தது 90 சதவீதம் பள்ளிகளுக்குப் போக வேண்டும். எப்படிச் செலவிடுவது என்பதில் பெற்றோருக்கும் பங்குண்டு. கணிதப் பாடத்தை வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஒரு மாலைப் பட்டறை கேட்டுப் பாருங்கள். இங்கே வகுத்தலைக் கற்பிக்கும் முறைக்கும் நாம் படித்த முறைக்கும் இடையே சிக்கிய வீடுகளுக்கு அது பெரிய உதவி.

படி 7: ஆசிரியரின் தகுதியைக் கேட்கலாம்

உங்கள் பிள்ளையின் ஆசிரியர் அந்த வகுப்புக்கும் பாடத்துக்கும் மாநிலச் சான்று பெற்றவரா, தற்காலிக அனுமதியில் இருக்கிறாரா, துணைப் பணியாளர் உதவுகிறார் என்றால் அவருடைய தகுதி என்ன என்பதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உரிய சான்று இல்லாத ஆசிரியர் தொடர்ந்து 4 வாரங்களோ அதற்கு மேலோ பாடம் நடத்தினால், நீங்கள் கேட்காமலே பள்ளி தெரிவிக்க வேண்டும்.

படி 8: ஆங்கில மொழி உதவிக் கடிதம் தனி

சேர்க்கையின்போது வீட்டு மொழிப் படிவத்தில் தமிழ் என்று எழுதியிருந்தால், ஆங்கிலத் திறனைச் சோதித்துப் பார்ப்பார்கள். அதைத் தவிர்க்க நினைத்து ஆங்கிலம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம், உள்ளதை எழுதுங்கள். உதவி தேவை என்று தெரிந்தால், பள்ளி ஆண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள் பெற்றோருக்குக் கடிதம் வர வேண்டும். ஆண்டின் நடுவில் சேர்ந்தவர்களுக்கு 2 வாரம். காரணம், திறன் நிலை, கற்பிக்கும் முறை, எப்போது வெளியேறலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வேண்டாம் என்று மறுக்கவும் உரிமை உண்டு, ஆனால் ஆண்டுதோறும் நடக்கும் ஆங்கிலத் திறன் தேர்வு அப்போதும் தொடரும். கலிபோர்னியாவில் எல்பாக், டெக்சாஸில் டெல்பாஸ், நியூஜெர்சி உள்ளிட்ட பல மாநிலங்களில் அக்சஸ் என்று அதற்குப் பெயர்.

இவற்றில் எதுவும் சிறப்புக் கல்வி அல்ல. கற்றல் குறைபாடு இருக்குமோ என்று ஐயம் இருந்தால், மதிப்பீடு கேட்டுத் தனியாக எழுத்தில் விண்ணப்பியுங்கள். டைட்டில் ஒன் பயிற்சி முடியட்டும் என்று அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

படி 9: ஆண்டு முழுவதும் பின்தொடருங்கள்

ஒவ்வொரு மதிப்பெண் அட்டை வரும்போதும் பயிற்சி ஆசிரியரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: போன முறையிலிருந்து எது முன்னேறியது? எந்த நிலையை எட்டினால் பயிற்சி நிற்கும்? கடிதங்கள், தேர்வு முடிவுகள், மின்னஞ்சல் பதில்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்துவையுங்கள். வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போகும் குடும்பங்களுக்கு அந்தக் கோப்பு அவசியம், புதிய பள்ளிக்குப் பழைய பதிவுகள் வந்து சேரத் தாமதமாகலாம்.

எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு இன்னொரு வேலை இருக்கிறது. பிள்ளை போகப்போகும் உயர்நிலைப் பள்ளிக்கு டைட்டில் ஒன் நிதி இல்லாமல் இருக்கலாம், அப்போது பயிற்சி ஜூன் மாதத்தோடு நின்றுவிடும். மார்ச் மாதத்தில், ஒன்பதாம் வகுப்புக்கான பாடத் தேர்வுப் படிவம் வரும் சமயத்தில், பகுதிவாரியான முடிவுகளின் நகலை எடுத்துக்கொண்டு இரண்டு பள்ளி ஆலோசகர்களையும் பாருங்கள். கோடை வகுப்பு உண்டா, ஒன்பதாம் வகுப்பில் கணிதத்துக்குத் துணை வகுப்பு உண்டா என்று கேட்டு, இருந்தால் அப்போதே பெயரைப் பதிந்துவிடுங்கள்.