கிருமியின் சர்க்கரை உறை: ஊசியிலும் மருந்திலும் நாம் செய்யும் தவறுகள்

நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமியை ஆய்வகத்தில் ரத்த அகார் (ரத்தம் கலந்த வளர்ப்புக் கூழ்) தட்டில் வளர்த்தால், வெண்டைக்காய் நறுக்கிய கத்தியைப் போல அந்த இடம் வழவழவென்று மின்னும். அந்த வழவழப்புதான் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன உறை. கிருமியை வெள்ளையணுவுக்கு அடையாளம் காட்டும் 'காம்ப்ளிமென்ட்' புரதம் நம் ரத்தத்தில் உண்டு. அது கிருமியின் மேல் ஒட்டினாலும் உறைக்கு அடியில் மறைந்துவிடும். வெள்ளையணுவின் கைக்கு எட்டாது. உறையை இழந்த நிமோகாக்கஸ் ரத்தத்துக்குள் போனாலும் பெரும்பாலும் சீக்கிரம் அழிந்துவிடும்.

இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டு, நெஞ்சுச் சளி வந்ததும் 'இனிப்பை நிறுத்து, கிருமிக்குத் தீனி போடாதே' என்பவர்கள் உண்டு. உறையைக் கிருமி தன் நொதிகளைக் கொண்டு தானே கட்டிக்கொள்கிறது. உதாரணமாக, வகை 3 நிமோகாக்கஸின் உறையில் குளுக்கோஸும் குளுக்கூரானிக் அமிலமும் மாறிமாறி வரும், அவ்வளவுதான். நீங்கள் லட்டு சாப்பிடாததால் அது உரிந்துபோகாது. நீரிழிவு இருப்பவர்கள் ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது அவசியம், ஆனால் அதற்குக் காரணம் வேறு: சர்க்கரை ஏறினால் வெள்ளையணுக்களின் வேலை மந்தமாகும். 'காய்ச்சலில் சாப்பிடவே இல்லையே' என்று டைப் 1 நோயாளி இன்சுலினை அடியோடு நிறுத்துவது இனிப்பைவிடப் பல மடங்கு ஆபத்து. அளவை மாற்றலாம், அதையும் டாக்டரைக் கேட்டு. நிறுத்தவே கூடாது.

'ஒரு தடவை நிமோனியா வந்து போயிற்று, இனி வராது' என்பது அடுத்த தவறு. உறையின் சர்க்கரை அமைப்பை வைத்து நிமோகாக்கஸை 100-க்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு வகைக்கு உடல் செய்த எதிர்ப்பு மற்றதைப் பெரும்பாலும் தொடாது. இந்தப் பாடத்தைத் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்கள் நன்றாகவே கற்றுத்தந்தன. 1911-இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஆல்ம்ரோத் ரைட், ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய ராண்ட் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கொல்லப்பட்ட முழுக் கிருமியை ஊசியாகப் போட்டுப் பார்த்தபோது வகை பிரிக்கும் அறிவு அவர் கைக்கு வரவில்லை. அதன்பிறகு ஜோகன்னஸ்பர்க்கில் ஸ்பென்சர் லிஸ்டர் அந்தக் கிருமிகளை வகை வகையாகப் பிரித்தார். 1970-களில் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஆஸ்திரியன் அதே சுரங்கங்களில் உறைச் சர்க்கரையை மட்டும் கொண்ட ஊசியைச் சோதித்து, அது பலிக்கும் என்று காட்டினார்.

அந்தச் சர்க்கரை ஊசி பெரியவர்களுக்குச் சரி. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அதனால் பயன் இல்லை. எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளையணுக்களான டி அணுக்களுக்குப் புரதம்தான் புலப்படும், வெறும் சர்க்கரை புலப்படாது. அவற்றின் துணையில்லாமல் குழந்தையின் உடல் நீடித்த நினைவை உருவாக்காது. அதனால் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுக்கிறார்கள். இதுதான் கான்ஜுகேட் ஊசி. புரதமாகப் பெரும்பாலும் நஞ்சு நீக்கிய டிப்தீரியா புரதமே பயன்படுகிறது. ஜோகன்னஸ்பர்க்கின் சொவேட்டோ பகுதியில் கிட்டத்தட்ட 40,000 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், எச்.ஐ.வி. இல்லாத குழந்தைகளுக்கு, ஊசியில் அடங்கிய வகைகளால் வரும் கடும் தொற்று 83% குறைந்தது. 2009 முதல் இங்கே தென்னாப்பிரிக்காவில் அரசுக் கிளினிக்குகளில் இது இலவசம்: 6 வாரம், 14 வாரம், 9 மாதம்.

இதில் நம் வீடுகளில் விட்டுப்போவது 9 மாத ஊசி. குழந்தை கொழுகொழுவென்று ஓடியாடுகிறது, ஏற்கெனவே இரண்டு போட்டாயிற்று என்று விட்டுவிடுகிறார்கள். அந்த மூன்றாவதுதான் எதிர்ப்பை உயர்த்தி நிறுத்துகிறது. குழந்தையின் மூக்கில் கிருமி குடியேறுவதையும் குறைத்து, வீட்டிலுள்ள பாட்டி தாத்தாவுக்கும் காவலாகிறது. தவறிப்போனால் 'ரோட் டு ஹெல்த்' என்ற குழந்தையின் ஊசிப் பதிவுப் புத்தகத்தோடு உடனே போங்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்டதைப் போட்டால் போதும். மருந்து இருக்கிறதே என்று அசட்டையாக இருக்க முடியாது: பென்சிலினுக்கும் குளோராம்ஃபெனிகாலுக்கும் அடங்காத நிமோகாக்கஸ் 1977-இல் தெரியவந்தது நம் டர்பனில்தான்.

பெரியவர்கள் ஊசி போடும் வரிசையில் தவறுகிறார்கள். இரண்டு வகை ஊசியும் தேவைப்படுபவருக்கு முதலில் கான்ஜுகேட், பிறகு 23 வகைச் சர்க்கரை ஊசி. இடைவெளி வழக்கமாக ஒரு வருடம், எதிர்ப்பு மிகக் குன்றியவர்களுக்கு 8 வாரம். சர்க்கரை ஊசியை முதலில் போட்டுவிட்டால் கான்ஜுகேட்டுக்கு ஒரு வருடம் பொறுக்க வேண்டும், அப்போதும் பலன் குறையலாம். எனவே மருந்தகத்தில் 'நிமோனியா ஊசி' என்று மட்டும் கேட்காமல், எந்த வகை என்று கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள்.

மண்ணீரல் இல்லாதவர்களுக்கு இது உயிர்ப்பிரச்சினை. உறையுள்ள கிருமிகளை ரத்தத்திலிருந்து வடித்தெடுப்பது பெரும்பாலும் மண்ணீரல்தான். திட்டமிட்ட அறுவை என்றால் குறைந்தது 2 வாரம் முன்பே நிமோகாக்கஸ் ஊசியையும், மூளைக்காய்ச்சல் தரும் வேறு இரண்டு உறையுள்ள கிருமிகளான ஹிப், மெனிஞ்சோகாக்கஸ் ஆகியவற்றுக்கான ஊசிகளையும் முடிக்க வேண்டும். கார் விபத்தில் அவசரமாக எடுத்திருந்தால் 2 வாரம் கழித்து. 'எடுத்துப் பத்து வருடம் ஆயிற்று' என்பது சமாதானம் ஆகாது, ஆபத்து ஆயுள் முழுக்க உண்டு. 38 டிகிரி காய்ச்சல் வந்தால், டாக்டர் முன்கூட்டியே கொடுத்து வைத்த ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காலை வரை பொறுக்காதீர்கள். ஏ, சி, டபிள்யூ, ஒய் மெனிஞ்சோகாக்கஸ் ஊசி 'பி' வகையைத் தடுக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும். 'பி'யின் உறை கருவின் மூளையிலுள்ள சர்க்கரையை ஒத்தது. உடல் அதை அந்நியமாகப் பார்ப்பதில்லை.

இதுவரை கிருமியின் சர்க்கரை. நம் செல்களின் மேலும் சர்க்கரை உண்டு, கிருமிகள் பலவும் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஒட்டுகின்றன. சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலை கிருமி, தன் மயிரிழையின் நுனியால் சிறுநீர்ப்பைச் செல்லிலுள்ள மேனோஸ் என்ற சர்க்கரையைப் பற்றுகிறது. டி-மேனோஸ் பொடி குடித்தால் கிருமி ஏமாந்து கழுவிப் போய்விடும் என்ற எண்ணம் இங்கிருந்து வந்தது. நல்ல யோசனைதான். ஆனால் அடிக்கடி தொற்று வரும் 598 பெண்களுக்கு பிரிட்டனில் தினம் 2 கிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து 2024-இல் வெளியிட்டார்கள்: மறுபடி தொற்றுக்கு மருத்துவ உதவி தேடியவர்கள் பொடி குடித்தவர்களில் 51%, போலிப் பொடி குடித்தவர்களில் 55.7%. நம்பத்தக்க வித்தியாசம் இல்லை. சிறுநீரகத்தைத் தாக்கும் ஈ.கோலை பலவும் பற்றுவது காலக்டோஸ் இரட்டையை, மேனோஸை அல்ல. குளிர்க்காய்ச்சல், விலா ஓரத்தில் முதுகுவலி, வாந்தி இருந்தால் பொடியை நம்பி ஒரு நாளும் கடத்தாதீர்கள். கர்ப்பிணிகள் சிறுநீர் எரிச்சலுக்கே பரிசோதனைக்குப் போக வேண்டும்.

கடைசியாக, சென்னை, பழனி என்று ஊருக்குக் கிளம்புபவர்கள். டைபாய்டு சர்க்கரை ஊசி 'விஐ' என்ற உறைக்கு எதிரானது. புறப்படக் குறைந்தது 2 வாரம் முன்பு போட வேண்டும். முந்தின நாள் போட்டால் பயணத்துக்குப் பயன்படாது. இரண்டு வயதுக்கு மேல்தான், 3 வருடத்துக்கு ஒருமுறை. இந்தியாவில் பரவலாக உள்ள பாராடைபாய்டு 'ஏ' கிருமிக்கு அந்த உறையே இல்லை, ஆகவே ஊசி அதைத் தொடாது. கொதித்த தண்ணீர், சுடச்சுடச் சாப்பாடு என்ற கவனத்தை ஊசி போட்ட பிறகும் விடக்கூடாது. திரும்பி வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் இந்தியா போய்வந்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். 'ஊசி போட்டிருக்கிறேன், டைபாய்டாக இருக்காது' என்று வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக்கை விழுங்கிவிட்டுப் போனால் ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) கிருமி வளராமல் போகலாம். எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதும் அப்போது தெரியாமலே போய்விடும்.