ஓநாயின் எடை பற்றிய செய்தியைச் சரிபார்ப்பது எப்படி?

'நூறு கிலோ ஓநாய்' என்று ஒரு படம் கைப்பேசிக்கு வந்தால், முதலில் கேட்க வேண்டியது அது எந்த நாட்டு ஓநாய் என்பதே. சாம்பல்நிற ஓநாய்கள் அனைத்தும் ஒரே இனம்தான் என்றாலும், குளிர் மிகுந்த வடபகுதிகளில் அவை பெருத்தும் வெப்ப நாடுகளில் சிறுத்தும் காணப்படுகின்றன. தக்காணத்துப் புல்வெளிகளில் திரியும் இந்திய ஓநாய் பெரும்பாலும் 17 முதல் 25 கிலோவுக்குள் அடங்கிவிடும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1995, 1996 ஆகிய ஆண்டுகளில் கனடாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஓநாய்களின் வழிவந்தவற்றில், வளர்ந்த ஆண் சராசரியாக 50 கிலோவும் பெண் 40 கிலோவுக்குச் சற்று மேலும் இருக்கும். வீட்டில் வளரும் ஆண் ஜெர்மன் ஷெப்பர்ட் நாயே 30 முதல் 40 கிலோ வரை இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டால், ஓநாய்க்கும் நாய்க்கும் உள்ள எடை வேறுபாடு நாம் கற்பனை செய்த அளவுக்குப் பெரிதல்ல என்பது விளங்கும்.

அடுத்து அலகைப் பாருங்கள். அமெரிக்கர்கள் பவுண்டில் சொன்னதைத் தமிழில் எழுதுபவர் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு கிலோ என்று மாற்றிவிடுவது, என் கணிப்பில், மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. பவுண்டுக் கணக்கைப் பாதியாக்கி, வந்த விடையில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறத்தாழ கிலோ கிடைத்துவிடும். 110 பவுண்டு 55 ஆகி, பிறகு 49.5 ஆகும். பெரிய ஓநாய்க்குச் சான்றாக நெடுங்காலமாகக் காட்டப்படுவது 1939 ஜூலையில் அலாஸ்காவில் கொல்லப்பட்ட ஓர் ஆண். அதன் எடை 175 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 79 கிலோ. அதற்கு மேல் யார் சொன்னாலும் சான்று கேளுங்கள்.

சான்று என்பது தராசுதான். ஆய்வாளர்கள் குளிர்காலத்தில் ஹெலிகாப்டரிலிருந்து மயக்க ஊசி செலுத்தி, மயங்கிக் கிடக்கும் ஓநாயை வலையிலோ துணியிலோ கிடத்தி, தொங்குதராசில் மாட்டித் தூக்கி நிறுக்கிறார்கள். வலையின் எடையைக் கழித்த பிறகே கணக்கில் எழுத வேண்டும். வயிறு நிறைந்திருந்ததா என்பதும் தெரிய வேண்டும், ஏனெனில் வேட்டையாடிய ஓநாய் ஒரே வேளையில் 9 கிலோ வரை இறைச்சியை விழுங்கக்கூடியது. கண்ணால் பார்த்துச் சொல்லும் எடையை நம்பவே வேண்டாம். குளிர்கால உரோமம் ஒட்டிய உடலையும் கொழுத்ததாகக் காட்டிவிடும்.

படம் மட்டுமே கையில் இருந்தால், ஓநாயின் பாதத்தையும் மனிதனின் முகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வடபகுதி ஓநாயின் முன்பாதத் தடம் ஏறத்தாழ 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். அந்தப் பாதம் வேட்டைக்காரரின் முகத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தால், அவர் விலங்கைக் கேமராவின் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு தாம் பின்னால் தள்ளி அமர்ந்திருக்கிறார் என்று பொருள்.