எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்?

கும்பகோணத்தில், மகாமகக் குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இயந்திரங்களை ஓரமாகத் தள்ளி, வெட்டு மேசையைத் துடைத்து, அதைச் சுற்றி எட்டு ஸ்டூல் போடுவேன். வருகிறவர்கள் ஆளுக்கொரு புத்தகத்தோடு வருவார்கள். இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறார்கள், அதில் மனதுக்குப் பிடித்தது எது என்று முறை வைத்துச் சொல்வார்கள். நான்கு ஆண்டுகளாக இது நடக்கிறது. "எங்கள் தெருவிலும் இப்படி ஒன்று தொடங்க வேண்டும், எப்படிச் செய்கிறீர்கள்?" என்று பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். அளவு எடுத்துக்கொண்டே பாதி சொல்லி, பாதி விட்டுப்போகிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

தொடங்கிய புதிதில், எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டு வர வேண்டும் என்று வைத்திருந்தோம். முதல் மாதம் ஒன்பது பேர். மூன்றாம் மாதம் நான்கு பேர். வராதவர்களை வழியில் பார்த்துக் கேட்டால், எல்லோரிடமும் ஒரே பதில்: "இன்னும் முடிக்கவில்லை, அதனால்தான் வரவில்லை." பிள்ளைகளுக்குப் பரீட்சை, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், எனக்கே தீபாவளித் தையல். புத்தகம் முடியாததற்கு எல்லோருக்கும் காரணம் இருந்தது. ஆனால் எல்லோரும் ஏதோ ஒன்றைப் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான்காம் மாதம் கேள்வியை மாற்றினேன். "முடித்துவிட்டீர்களா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்?" என்று கேட்கத் தொடங்கினேன். நீங்கள் தொடங்கும்போது வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறவருக்கும் இருக்கையில் சம உரிமை உண்டு.

பாதியில் இருக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதில் தனிச் சுவை இருக்கிறது. பேசுகிறவருக்கே அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாது. அந்தப் பாத்திரம் வீட்டை விட்டுப் போகுமா, போகாதா என்று அவர் ஊகம் சொல்வார். ஏற்கெனவே படித்தவர்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்களிடம் உள்ள கண்டிப்பான விதி அது ஒன்றுதான்: முடிவைச் சொல்லக் கூடாது.

ஆட்கள் ஆறிலிருந்து எட்டு வரை போதும். பத்தைத் தாண்டினால் பின்னால் இருப்பவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுகிறார்கள். அப்போது இரண்டு குழுவாகப் பிரிந்துவிடுங்கள். இடம் பெரிதாக வேண்டியதில்லை. திண்ணை, மொட்டை மாடி, பள்ளி விட்ட பிறகு ஒரு வகுப்பறை, எதுவும் சரி. கோயில் மண்டபத்தில் மட்டும் வைக்காதீர்கள், மற்ற மதத்தவர் தயங்குவார்கள். தேதியை மாற்றவே மாற்றாதீர்கள். கடைசி ஞாயிறு என்றால் கடைசி ஞாயிறு.

முறை வைத்துப் பேச எங்களுக்கு உதவுவது ஒரு இஞ்ச் டேப். அது யார் கையில் இருக்கிறதோ அவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். பேசி முடித்ததும் அடுத்தவர் தோளில் போட்டுவிட வேண்டும். ஒருவருக்கு ஏழு நிமிடம். அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் சோழர் வரலாறு படிப்பவர். பேச ஆரம்பித்தால் தஞ்சையிலிருந்து கடாரம் வரை போய்த்தான் திரும்புவார். அவருக்காகவே மேசையில் அலாரம் கடிகாரம் வைத்தோம். அது அடித்ததும் அவர் டேப்பைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறார். மனிதர் சொல்லி நிறுத்தினால் மனம் நோகும், கடிகாரம் நிறுத்தினால் நோவதில்லை.

ஏழு நிமிடத்தில் என்ன சொல்வது? கதையை மூன்று வாக்கியத்துக்கு மேல் சொல்ல வேண்டாம் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வேன். புத்தகம் கைக்கு எப்படி வந்தது, எந்த நேரத்தில் படிக்கிறார், எந்த இடத்தில் வாசிப்பு நின்றது, எந்த இடத்தில் சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார், இவற்றைச் சொல்லட்டும். பிடிக்காமல் மூடி வைத்த புத்தகத்தையும் கொண்டுவரலாம். எந்தப் பக்கத்தில் மூடினார் என்பது அதிலும் நல்ல பேச்சுதான்.

பிறகு வாய்விட்டு வாசிப்பது. இதற்கு நீங்கள் கொஞ்சம் உழைக்க வேண்டும், பலனும் இதில்தான் அதிகம். அரைப் பக்கம் போதும், ஒரு பக்கத்தைத் தாண்டவே கூடாது. முதல் நாள் இரவே இடத்தைத் தேர்ந்தெடுத்து, வீட்டில் இரண்டு முறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கும் சொற்கள் அப்போதே தெரிந்துவிடும். ஒரு விடை வருவதற்குச் சற்று முன்னால் நிறுத்தும்படி இடத்தைப் பாருங்கள். வாசித்து முடித்ததும் விளக்கம் சொல்லாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம் எல்லோரும் சும்மா இருங்கள்.

சென்ற கோடையில் எங்கள் ஆட்டோ ஓட்டுநர் அண்ணன் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைக் கிளை நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்தார். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தை வைத்து எழுதிய சிறிய நாவல். சவாரி இல்லாத நேரத்தில் ஸ்டாண்டில் வைத்துப் படிப்பவர் அவர். அட்டையில் அவருடைய கட்டைவிரல் பட்டுப் பட்டு ஓர் ஓரம் வளைந்திருந்தது. விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே மெதுவாக வாசித்தார். ஒரு வரியில் நின்று, யாரும் கேட்காமலே, அதை இன்னொரு முறை வாசித்தார். பிறகு புத்தகத்தை மூடி விரலை உள்ளேயே வைத்துக்கொண்டார். எங்களில் மூத்தவரான ஒரு பெரியம்மா, மாத நாவல்கள் மட்டுமே படிப்பவர், கேட்டார்: "அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கிடைத்ததா தம்பி?"

"தெரியவில்லை பெரியம்மா. நானும் அங்கேதான் நிற்கிறேன்" என்றார் அவர்.

பெரியம்மா அன்றைக்கே முன்பதிவு செய்துவிட்டார்: "முடித்ததும் எனக்கு."

அந்தப் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் முதன்முதலில் மாத நாவலைக் கொண்டுவந்த நாளில், நிறையப் படித்த ஒருவர் "இதெல்லாம் ஒரு புத்தகமா?" என்றார். பெரியம்மா அதைப் பைக்குள் வைத்துவிட்டார். அடுத்த இரண்டு மாதம் வரவில்லை. நான் அவர் வீட்டுக்கே போய் அழைத்து வந்தேன். நாற்பது ஆண்டுகளாக இரவு பாத்திரம் கழுவிவிட்டு ஒரு மணி நேரம் படிக்கிற பெண்மணி அவர். எத்தனை பேர் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார்? உங்கள் குழுவில் யாருடைய புத்தகத்தையும் யாரும் சிறிதாகச் சொல்ல விடாதீர்கள். குரூப் 4 தேர்வுக்குத் தயாராகும் தங்கை ஒருத்தி பள்ளித் தமிழ்ப் பாடநூலைத்தான் எடுத்து வருவாள். அதிலிருந்து அவள் வாசித்த சங்கப் பாட்டு ஒன்றைக் கேட்டு, அஞ்சலகப் பெரியவர் அதை எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

இதைச் சொல்லும்போது எங்கள் ஊரில் நடந்த ஒரு பழைய சந்திப்பு எனக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. 1880இல் உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். ஊருக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அதனால் என்ன பயன் என்கிற மாதிரி முதலியார் கேட்டுவிடுகிறார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் உண்டா, மணிமேகலை உண்டா என்று அடுத்த கேள்வி. ஐயர் தன் வாழ்க்கையை எழுதிய 'என் சரித்திர'த்தில் அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஐயர் பக்கம் நின்று வலிக்கிறது. ஆனால் முதலியார் கேட்டதோடு விடவில்லை. சிந்தாமணிப் பிரதியைத் தேடிக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படித்தார்கள். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. முதலியாரிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது புத்தகத்தைக் கையில் கொடுத்ததையும் கூட உட்கார்ந்ததையும்தான். 'என்ன பயன்' என்ற கேள்வியை எங்கள் மேசைக்கு வெளியே வைத்திருக்கிறோம்.

புத்தகம் கைமாறுவதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். எங்கள் முதல் ஆண்டில், என் அப்பா கையெழுத்திட்டுக் கொடுத்த புத்தகம் ஒன்று யாரிடமோ போய்த் திரும்பவே இல்லை. யாரிடம் கொடுத்தேன் என்று எனக்கே நினைவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது. அதன் பிறகு தையல்காரர்களின் வழியையே எடுத்துக்கொண்டேன். அளவு நோட்டில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அந்தத் துணியின் சிறு துண்டைக் குத்தி வைப்போம் அல்லவா? அதே மாதிரி ஒரு நோட்டில் தேதி, புத்தகம், யாருடையது, யார் எடுத்தார் என்று எழுதி, பக்கத்தில் ஒரு துணித் துண்டைப் பின் அடித்துவிடுவேன். அதே துணியில் இன்னொரு நீளத் துண்டு புத்தகத்துக்குள் பக்க அடையாளமாகப் போகும். ஓரம் பிரியாமலிருக்கப் பல் கத்தரியால் வெட்டுங்கள். சுங்குடித் துணி தடிக்காமல் பக்கத்தோடு படிந்து கிடக்கும். பட்டு வழுக்கி விழுந்துவிடும். மூன்றாம் மாதம் திரும்பாத துண்டு நோட்டைத் திறந்ததும் கண்ணில் படும். மேசையைச் சுற்றி "அந்த மாம்பழ மஞ்சள் யாரிடம்?" என்று கேட்டால் போதும், பெயர் சொல்லி யாரையும் வெட்கப்படுத்த வேண்டியதில்லை.

புத்தகம் வாங்கக் காசில்லை என்று யாரையும் விட்டுவிடாதீர்கள். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகப் போகிறது. ஆகவே கிளை நூலகம் நம் காசில் நடப்பது. உறுப்பினர் அட்டை இல்லாதவரை முதல் வேலையாக அங்கே கூட்டிப்போங்கள். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை யாரும் அச்சிடலாம் என்பதால் அவை மலிவான பதிப்புகளிலும் கிடைக்கின்றன. கைப்பேசியில் படிப்பவர்களுக்கு இணையத்தில் தமிழ் நூல்களைத் தரும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இலவசம். கைப்பேசியில் படித்தாலும் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும்.

சில நாள் பேச்சு சூடாகும். சாதி பற்றிய நாவல் ஒன்று வந்த மாதம் இருவர் குரல் உயர்ந்தது. நான் கற்றுக்கொண்டது ஒரே வழி: "எந்த வரி என்று எடுத்துக் காட்டுங்கள்" என்று கேட்பது. புத்தகத்தைத் திறந்து, பக்கம் தேடி, வரியை வாசிப்பதற்குள் குரல் தானே இறங்கிவிடுகிறது. வாசித்த பிறகு இருவரும் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை.

யாரும் வராத மாதமும் வரும். அப்போது ரத்து செய்யாதீர்கள். ஒரு ஐப்பசியில் அடைமழை. ஆட்டோ அண்ணனும் நானும் மட்டும். ஆறு ஸ்டூல் காலி. பேச இருவருக்கும் அதிகம் இல்லை. அவர் பையில் சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' இருந்தது. 1959இல் வந்த ஜல்லிக்கட்டு நாவல், ஒரே அமர்வில் படித்துவிடக் கூடிய அளவு. "முழுவதையும் வாசித்துவிடலாமா அக்கா?" என்றார். ஆளுக்குப் பத்துப் பக்கம் என்று மாற்றி மாற்றி வாசித்தோம். ஜமீன்தாரின் காரிக்காளை வருகிற இடத்தில் மின்சாரம் போய்விட்டது. அவர் கைப்பேசி விளக்கைப் பக்கத்தின் மேல் பிடித்தார். கூரைத் தகரத்தில் மழை அறைகிற சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி நான் வாசித்துக்கொண்டே போனேன்.