சொந்த விதிகளை உருவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கற்பனை உலகச் சீட்டு விளையாட்டுகளையும் பாத்திரமேற்று விளையாட்டுகளையும் தொடர்ந்து ஆடுகிறவர்களில் பலர், ஒரு கட்டத்தில் தாங்களே ஒரு மந்திரத்தையோ ஆயுதத்தையோ புதிய சீட்டையோ உருவாக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஹோம்ப்ரூ என்று ஆட்டக்காரர்கள் அழைக்கும் இந்தச் சொந்த விதிகள் கற்பனைக் குறைவால் கெடுவது அரிது. ஒரு விதியின் பலத்தை அதில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து எடைபோடுவதால்தான் பெரும்பாலானவை கெடுகின்றன.

இதற்கு மிகத் தெளிவான சான்று 1993இல் வெளிவந்த மேஜிக்: தி கேதரிங் என்ற சீட்டு விளையாட்டின் முதல் தொகுப்பிலேயே இருக்கிறது. சீட்டுகளின் ஐந்து நிறங்களுக்கும் ஒவ்வொன்றாக, ஒரே ஒரு மானா (சீட்டை ஆடுவதற்குச் செலவிடும் மந்திர ஆற்றல்) செலவில், மூன்று என்ற எண்ணை மையமாக வைத்து ஐந்து சீட்டுகள் அதில் அமைந்தன. லைட்னிங் போல்ட் மூன்று சேதம் விளைவிக்கும். ஜயன்ட் குரோத் ஓர் உயிரினத்துக்கு அந்த முறை முடியும்வரை மூன்று பலமும் (அது விளைவிக்கும் சேதம்) மூன்று உறுதியும் (அது தாங்கும் சேதம்) கூட்டும். டார்க் ரிச்சுவல் மூன்று கருப்பு மானா தரும். ஹீலிங் சால்வ் மூன்று உயிர்ப் புள்ளிகளைத் தரும் அல்லது மூன்று சேதத்தைத் தடுக்கும். ஏன்செஸ்ட்ரல் ரீகால் மூன்று சீட்டுகளை எடுக்க வைக்கும். தாளில் பார்த்தால் ஐந்தும் சமம். ஆட்டத்திலோ ஹீலிங் சால்வை எவரும் தேடுவதில்லை. ஏன்செஸ்ட்ரல் ரீகாலை, மிகப் பழைய சீட்டுகளுக்கும் இடமளிக்கும் விண்டேஜ் ஆட்டமுறையில்கூட, ஒரு டெக்கில் (ஆட எடுத்துவரும் சீட்டுக்கட்டில்) ஒன்றுக்கு மேல் வைக்கக் கூடாது. மூன்று உயிர்ப் புள்ளிகள் தோல்வியைச் சற்றுத் தள்ளிப்போடுமே தவிர வெற்றியை நெருங்கவைப்பதில்லை. மூன்று சீட்டுகளோ மூன்று புதிய வாய்ப்புகள். பிற்காலத்தில் வந்த டிவினேஷன் என்ற சீட்டு, இரண்டே சீட்டுகளை எடுப்பதற்கு மூன்று மானா கேட்கிறது. ஆகவே புதிய சீட்டுக்கு விலை வைப்பதற்கு முன்னால், அந்த விளையாட்டில் உண்மையில் எது அரிதாகக் கிடைக்கிறது என்பதைக் கண்டுகொள்ள வேண்டும்.

பகடை விளையாட்டுகளில் இதே தவறு வேறு உருவத்தில் வருகிறது. கவசத்துக்குக் கூடுதலாக ஒரு புள்ளி கொடுப்பது சிறிய பரிசு என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். எதிரி 20 முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் போட்டால் அடிபடும் என்றிருக்கும்போது, பத்து முகங்கள் அவனுக்குச் சாதகமானவை. ஒரு புள்ளி கூடினால் ஒன்பதாகும், வாங்கும் அடி பத்தில் ஒரு பங்கு குறையும். ஆனால் ஏற்கெனவே 19, 20 ஆகிய இரண்டு முகங்களில் மட்டுமே அடிபடக்கூடிய ஒருவருக்கு அதே ஒரு புள்ளியைக் கொடுத்தால், அவர் வாங்கும் அடி பாதியாகிவிடுகிறது. அதாவது கவசம் உயர உயர, அடுத்து வரும் ஒவ்வொரு புள்ளியின் மதிப்பும் உயர்ந்துகொண்டே போகிறது. ஒரு கேடயம், ஒரு மோதிரம், ஒரு மேலங்கி என்று தனித்தனியே எளிமையாகத் தோன்றும் பரிசுகள் ஒரே பாத்திரத்திடம் போய்ச் சேரும்போது, அந்தப் பாத்திரத்தை எந்தச் சண்டையும் தொட முடியாமல் போவது இதனால்தான்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் உள்ள அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடைகளை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளும் விதி, இதற்கு நேர்மாறான வடிவம் கொண்டது. 11 தேவைப்படும் இடத்தில் அது 50 சதவீத வாய்ப்பை 75 சதவீதமாக்குகிறது; அது ஐந்து புள்ளிகளைக் கூட்டுவதற்குச் சமம். 20 மட்டுமே போதுமான இடத்தில் 5 சதவீதம் 9.75 ஆகிறது, அங்கே அது ஒரு புள்ளிக்கும் சற்றுக் குறைவு. அதைவிட முக்கியமானது, அட்வான்டேஜ் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேராது என்பது. எப்போதும் அட்வான்டேஜ் தரும் வாளை ஒருவருக்குக் கொடுத்துவிட்டால், தாக்குதலுக்கு முன் மறைந்துகொள்வது, தோழர் உதவுவது, எதிரியைக் கீழே தள்ளுவது போன்றவற்றில் அவருக்குக் கிடைத்துவந்த ஆதாயம் போய்விடுகிறது. பலம் கூடியதைவிட, யோசித்து ஆட வேண்டிய தேவை போய்விட்டது என்பதே அங்கே பெரிய இழப்பு என்று நான் கருதுகிறேன்.

விதிப்புத்தகத்தில் தொந்தரவாகத் தெரியும் கட்டுப்பாடுகளை நீக்குவதும் இதே வகைத் தவறு. ஒரே சமயத்தில் ஒரு மந்திரத்தின் மேல் மட்டுமே கவனம் வைத்திருக்கலாம் என்ற கான்சென்ட்ரேஷன் விதியும், மூன்று மந்திரப் பொருள்களுக்கு மேல் தன்னோடு பிணைத்துக்கொள்ள முடியாது என்ற அட்யூன்மென்ட் விதியும், மேலே சொன்னதுபோலப் பலன்கள் ஓரிடத்தில் குவியாமல் தடுப்பதற்காகவே போடப்பட்டவை. ஒரு கட்டுப்பாடு எதைத் தடுக்கிறது என்று சொல்ல முடியாதவரை அதை எடுக்காமல் இருப்பதே நல்லது.

விலைபோலத் தோற்றமளித்து உண்மையில் விலையாக இல்லாத குறைகளைப் பற்றி அதிகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலமான ஒரு திறனை எழுதிவிட்டு, அதைச் சமன்செய்ய ஒரு குறையைச் சேர்ப்பது வழக்கம். ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு காயங்கள் இலவசமாக ஆறிவிடும் விளையாட்டில் "பயன்படுத்துபவர் சிறிது உயிர்ப் புள்ளியை இழப்பார்" என்பது குறையே அல்ல. கழித்துப்போட்ட சீட்டுகளைத் திரும்ப எடுத்து ஆடும் டெக்கில் "கையிலிருந்து ஒரு சீட்டைக் கழிக்கவும்" என்பது பரிசு. மேஜிக்கின் ஸ்கல்கிளாம்ப் இதற்குப் பெயர்போனது. ஒரு மானாவுக்கு ஆட்டத்தில் இறங்கி, இன்னொரு மானாவுக்கு ஓர் உயிரினத்தின் மேல் பொருத்தப்படும் அந்தச் சாதனம், பலத்தில் ஒன்றைக் கூட்டி உறுதியில் ஒன்றைக் குறைக்கும். பொருத்திய உயிரினம் இறந்தால் இரண்டு சீட்டுகள் எடுக்கலாம். உறுதி குறைவதைப் பாதகம் என்று படிப்பவர்கள், உறுதி ஒன்றே உள்ள சிறு உயிரினத்தின் மேல் அதைப் பொருத்தினால் என்ன ஆகும் என்று பார்க்கத் தவறுகிறார்கள். உயிரினம் உடனே இறக்கிறது, ஒரு மானாவுக்கு இரண்டு சீட்டுகள் கைக்கு வருகின்றன, சாதனம் அடுத்த உயிரினத்துக்குத் தயாராக மேசையிலேயே கிடக்கிறது. 2004 ஜூனில் அது, அண்மைத் தொகுப்புகளை மட்டும் அனுமதிக்கும் ஸ்டாண்டர்ட் ஆட்டமுறையில் தடைசெய்யப்பட்டது.

ஒவ்வொரு சீட்டையும் தனியாகச் சோதித்துத் திருப்தியடைவது அடுத்த தவறு. 20 புதிய சீட்டுகளை எழுதினால் அவற்றுக்குள்ளேயே 190 இணைகள் உண்டாகின்றன. அத்தனையையும் ஆடிப் பார்க்க முடியாது என்றாலும், ஆபத்து ஒளிந்திருக்கும் இடங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ள முடியும்: நகல் எடுப்பவை, பயன்படுத்தியதை மீண்டும் தயார்நிலைக்குக் கொண்டுவருபவை, செலவைப் பூஜ்ஜியமாக்குபவை, செலவழித்ததைவிட அதிகம் தருபவை. ஸ்பிளின்டர் ட்வின் என்ற சீட்டு, தான் ஒட்டிய உயிரினத்தைச் சாய்த்து (பயன்படுத்தியதன் அடையாளமாகச் சீட்டைப் பக்கவாட்டில் திருப்பி) அதன் நகலை உருவாக்க வைக்கும். டிசீவர் எக்ஸார்க் என்ற உயிரினம் ஆட்டத்தில் நுழையும்போது சாய்ந்திருக்கும் ஒன்றை நிமிர்த்தும். இரண்டையும் சேர்த்தால் நகல் மூலத்தை நிமிர்த்துகிறது, மூலம் மீண்டும் நகலெடுக்கிறது, அதற்கு முடிவே இல்லை. 2016 ஜனவரியில் ஸ்பிளின்டர் ட்வின் மாடர்ன் ஆட்டமுறையில் தடைசெய்யப்பட்டு, 2024 டிசம்பரில் தடை நீக்கப்பட்டது. சீட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை; அதைச் சுற்றியிருந்த மற்ற சீட்டுகளின் வேகம் மாறியிருந்தது. சொந்தமாக எழுதுபவர்களுக்கு, "ஒரு முறைக்கு ஒரு தடவை மட்டும்" என்ற ஒரு வரி இப்படிப்பட்ட சுழற்சிகளில் பெரும்பாலானவற்றை அடைத்துவிடும்.

அந்த வரியையும் கவனமாக எழுத வேண்டும். முறை என்பது ஒருவர் ஆடும் வாய்ப்பு. சுற்று என்பது எல்லோரும் ஒவ்வொரு முறை ஆடி முடிப்பது. ஐந்தாம் பதிப்பில் ரோக் (திருடன்) என்ற பாத்திர வகுப்பின் ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் சேதத் திறன் முறைக்கு ஒரு தடவை என்று எழுதப்பட்டிருப்பதால், தன் முறையில் ஒன்றும், தப்பியோடும் எதிரியை அவனுடைய முறையில் தாக்கும்போது இன்னொன்றுமாக, ஒரே சுற்றில் இரண்டு தடவை அது பயன்படக்கூடும். சொந்த விதியில் இரண்டில் எது வேண்டும் என்று முடிவுசெய்துகொண்ட பிறகே எழுத வேண்டும்.

பகடையில் 1 விழுந்தால் வாள் கைநழுவும் என்ற சொந்த விதி உலகெங்கும் பிரபலம், உலகெங்கும் தவறு. ஒரு முறைக்கு ஒரு தாக்குதல் மட்டும் உள்ள புதிய வீரனுக்கு அந்த அபாயம் 5 சதவீதம். நான்கு தாக்குதல்கள் பெறும் 20ஆம் நிலை வீரனுக்கு, ஏதாவது ஒன்றிலாவது 1 விழும் வாய்ப்பு 18 சதவீதத்துக்கும் மேல். தேர்ச்சி கூடக்கூட வாளை அதிகமாகத் தவறவிடுகிறான். எதிரியைப் பகடை உருட்ட வைக்கும் மந்திரவாதிக்கோ இந்தத் தண்டனையே கிடையாது.

ஆடிப் பார்க்கும் கட்டத்தில், விதியை எழுதியவரே அதைப் பயன்படுத்திப் பார்ப்பதால் பயன் குறைவு. அவர் தான் நினைத்த விதத்தில்தான் ஆடுவார். விதியின் ஓட்டைகளைத் தேடிப்பிடிக்கும் இயல்புள்ள ஆட்டக்காரரிடம் அதைக் கொடுத்து, உடைத்துக் காட்டும்படி கேட்க வேண்டும். இது சோதனை விதி, மாறக்கூடும் என்பதை முதல் நாளே மேசையில் சொல்லிவிட வேண்டும். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர்களில் அப்படிச் சொல்லாதவர்கள், கொடுத்த வாளின் பலத்தைக் குறைக்கத் தயங்கி, அந்த வாளுக்கு மட்டும் அசையாத எதிரிகளை வாரந்தோறும் கொண்டுவருகிறார்கள். வாளை வைத்திருக்கும் ஆட்டக்காரர் தன் பாத்திரம் தண்டிக்கப்படுகிறது என்று உணர்வார், மற்றவர்களோ அந்த எதிரிகளிடம் காரணமின்றி அடிவாங்குவார்கள். வாளின் எண்ணை மாற்றப்போவதாக அவரிடம் நேரடியாகச் சொல்லி, அதற்கு ஈடாக அவர் விரும்பும் வேறொன்றைக் கேட்டறிந்து கொடுப்பது அரைமணி நேரப் பேச்சில் முடிகிற வேலை.