கட்டாயமில்லாத கேள்விக்கு என்ன எழுதினேன்

உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசிக் கேள்வி: 'வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால் எழுதலாம், கட்டாயமில்லை.' அதிலேயே நாலு நாள் போயிற்று.

"கேக்காததுக்கு எதுக்குட்டி பதில்?" என்றார் சித்தப்பா. காலியாக விட மனசு ஒப்பவில்லை. முதல் கட்டுரையையே புரட்டிப் போட்டு எழுதினேன், பழைய சோறு. வீட்டுக் கஷ்டத்தை எழுதினேன். அது வருமானச் சான்றிதழிலேயே இருக்கிறது.

அப்புறம் மொத்தத்தையும் அச்செடுத்து, என்னைத் தெரியாத ஆள் மாதிரி வாசித்தேன். பத்தாம் வகுப்பில் 92 சதவீதம், பதினொன்றில் 71. ஏன் என்று எந்தக் கட்டத்திலும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி வெள்ளம் குறுக்குத்துறையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. இயற்பியல் நோட்டில் மை கரைந்து வெறும் நீலக் கறை. அதையும், பன்னிரண்டில் 90-க்கு ஏறியதையும் ஆறு வரியில் எழுதினேன்.

இணையப் படிவத்தில் ஒட்டியதும் கடைசி வரியைக் காணோம். வரம்பு 600 எழுத்து. என் கணக்கில் 400-தான். தமிழில் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படுமாம்: 'நெல்லை' நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஆறு! 'மதிப்பிற்குரிய ஐயா' என்ற தொடக்கத்தையும் நன்றி வரியையும் வெட்டினேன். சரியாக உட்கார்ந்தது. நேர்காணலில் முதலில் கேட்டதே அந்த நோட்டைப் பற்றித்தான்.