டைச்சி மொழி: சத்தமின்றி நேரும் தவறுகள்

பைத்தான் நிரல்மொழிக்குள்ளேயே எழுதி, கனமான கணக்கை மட்டும் ஜிபியு எனும் வரைகலைச் செயலியில் ஓட்ட உதவுவது டைச்சி மொழி. பாம்பனைச் சுற்றியுள்ள கடலின் அலையையும் நீரோட்டத்தையும் அதில் உருவகப்படுத்த முயன்ற சில மாணவர்களுக்கு மண்டபம் ஊரில் உதவியபோது, பிழைச்செய்தி காட்டிய தவறுகளைவிட, ஒன்றுமே சொல்லாமல் தப்பான விடையைத் தந்த தவறுகளே எங்கள் நேரத்தை விழுங்கின.

நிறுவும்போது நேர்பவை எளியவை. என்விடியா வரைகலை அட்டை இருந்தால் கூடா (CUDA) டூல்கிட் என்ற அதன் கருவித்தொகுப்பும் வேண்டும் என்று எண்ணி, கைபேசி ஹாட்ஸ்பாட்டில் பல ஜிபியை இறக்கினார் ஒரு மாணவர்; டைச்சிக்கு அட்டையின் டிரைவர் மட்டுமே போதும். பொருந்தும் பதிப்பு கிடைக்கவில்லை என்று பைத்தானின் நிறுவல் கருவியான பிப் சொன்னால், பைத்தான் 64 பிட் தானா என்று முதலில் பார்க்க வேண்டும். அண்மையில் வெளிவந்த பைத்தானுக்கு டைச்சித் தொகுப்பு இன்னும் வந்திராமலும் இருக்கலாம் என்பதால், சற்றுப் பழைய பைத்தானைத் தனி மெய்நிகர் சூழலில் வைத்துக்கொள்வது நல்லது. நம் கோப்புக்கே 'டைச்சி' என்று பெயர் வைத்துவிட்டால், இம்போர்ட் கட்டளை நூலகத்தை விட்டுவிட்டு நம் கோப்பையே எடுத்துக்கொள்ளும்.

ஜிபியு கிடைக்காதபோது டைச்சி நின்றுவிடுவதில்லை. ஒரு வரி எச்சரிக்கையோடு கணினியின் பொதுச் செயலியான சிபியுவுக்கு இறங்கிவிடும். ஆகவே தொடக்கத்தில் அச்சாகும் 'ஸ்டார்ட்டிங் ஆன் ஆர்ச்' என்ற வரியில் கூடா என்று இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். வேகத்தை அளப்பவர்கள், கெர்னலின் (ஜிபியுவில் ஓடவென எழுதும் செயற்கூற்றின்) முதல் ஓட்டத்தில் அதை இயந்திர மொழிக்குத் தொகுக்கும் நேரமும் சேர்ந்திருப்பதையும், ஜிபியு முடிப்பதற்குள் பைத்தான் அடுத்த வரிக்குப் போய்விடும் என்பதையும் நினைவில் கொண்டு, கடிகாரத்தை நிறுத்துமுன் சிங்க் கட்டளையை அழைக்க வேண்டும்.

இன்னொரு மாணவர் காற்றின் திசையைப் பொது மாறியாக வைத்திருந்தார். மேற்கிலிருந்து வீசும் கச்சானுக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு, அதே நிரலில் திசையை வடக்கிலிருந்து வீசும் வாடைக்கு மாற்றியும், பாக் விரிகுடா குளம்போலவே கிடந்தது. வாடைக் காலத்தில் வடகடலான இந்த விரிகுடா எப்படிக் கொந்தளிக்கும் என்பது இக்கரையில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கெர்னல் முதன்முறை தொகுக்கப்படும்போதே பொது மாறியின் மதிப்பு அதற்குள் மாறிலியாக உறைந்துவிடுகிறது. பிறகு வெளியே எதை மாற்றினாலும் அது உள்ளே எட்டாது. மாறக்கூடிய மதிப்பை வகைக்குறிப்போடு கெர்னலுக்கு அளபுருவாக அனுப்ப வேண்டும், அல்லது ஃபீல்டு என்ற டைச்சியின் தரவு அமைப்பில் வைக்க வேண்டும். கூட்டலிலும் இதுபோன்ற ஒரு கண்ணி உண்டு: இணையாக ஓடும் சுற்றில் '+=' என்று எழுதினால் டைச்சி அதை இடையில் வேறு இழை குறுக்கிட முடியாத அணுச்செயலாகப் பார்த்துக்கொள்ளும்; 'அ = அ + ஆ' என்று விரித்து எழுதினால் இழைகள் ஒன்றன் விடையை மற்றொன்று அழித்துவிடும்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது தசம எண்ணின் துல்லியம். டைச்சியின் இயல்பான மெய்யெண் 32 பிட். அதில் ஏறத்தாழ ஏழு இலக்கங்களே நிற்கும். நீரோட்டத்தில் மிதக்கும் புள்ளிகளின் இடத்தைப் பூமத்திய ரேகையிலிருந்து மீட்டரில் குறித்திருந்தோம். பாம்பனுக்கு அது ஏறத்தாழ 10,25,000. அந்த அளவில் அடுத்தடுத்த இரு 32 பிட் எண்களுக்கு இடையே 6.25 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால், ஒரு காலப்படிக்கு 1 சென்டிமீட்டர் நகர வேண்டிய புள்ளி, கூட்டிய பிறகும் பழைய எண்ணுக்கே திரும்பியது. ஆயிரம் படி ஓட்டினாலும் அது இருந்த இடத்திலேயே இருந்தது. வேகக் கணக்கைத்தான் இரண்டு நாள் சந்தேகப்பட்டுக் கொண்டிருந்தோம். ஆதிப்புள்ளியைப் பாம்பன் பாலத்துக்கு மாற்றி, தொலைவுகளை அங்கிருந்து அளந்ததும் புள்ளிகள் ஓடத் தொடங்கின.

இயல்பு வகையை 64 பிட்டுக்கு மாற்றுவதும் ஒரு வழிதான். ஆனால் விளையாட்டுக்கென விற்கப்படும் அட்டைகளில் 64 பிட் கணக்கு மிக மெதுவாக ஓடும். மேக் கணினியில் ஆப்பிளின் ஜிபியு இடைமுகமான மெட்டல் வழியாக ஓட்டுபவர்களுக்கோ அந்த வகையே கிடையாது. அவர்கள் ஆதிப்புள்ளியை மாற்ற வேண்டும், இல்லையேல் சிபியுவுக்குத் திரும்ப வேண்டும்.