இங்கிலாந்தில் பிள்ளைக்கு இ.எச்.சி.பி. கேட்பது எப்படி? பள்ளிக்காகக் காத்திருக்காமல் நீங்களே எழுதலாம்

"பள்ளிக்கூடம் சொல்லட்டும், பார்ப்போம்" என்று வருடக்கணக்கில் இருந்துவிடுகிற பெற்றோர் நம்மவர்களில் நிறைய. சட்டம் அப்படி இருக்கச் சொல்லவில்லை. இ.எச்.சி.பி. (இ.எச்.சி. திட்டம்) என்பது, சிறப்புக் கல்வித் தேவை உள்ள பிள்ளைக்கு என்னென்ன உதவி என்று கவுன்சில் எழுதித் தரும் கல்வி, உடல்நலம், பராமரிப்புத் திட்டம். 2014ஆம் ஆண்டின் சிறுவர், குடும்பங்கள் சட்டப்படி, அந்தத் திட்டத்துக்காகப் பிள்ளையின் தேவையை மதிப்பிடச் சொல்லி நீங்களே கவுன்சிலுக்கு எழுதலாம். தலைமையாசிரியர் சம்மதம் வேண்டியதில்லை, ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதமும் கட்டாயமில்லை (இருந்தால் நல்லது). இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் நடைமுறை வேறு.

1. சென்கோவைப் பாருங்கள்

சிறப்புத் தேவைகளைக் கவனிக்கும் ஆசிரியர்தான் சென்கோ. பிள்ளை 'சென் சப்போர்ட்'டில் (பள்ளி தன் அளவிலேயே தரும் சிறப்பு உதவி) இருக்கிறதா, இப்போது என்ன உதவி, வாரத்துக்கு எவ்வளவு நேரம், அதனால் ஏதாவது மாறியதா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றே, "இன்று நாம் பேசியது இது" என்று நான்கு வரி மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். பிற்பாடு ஆதாரமாக நிற்கப்போவது அதுதான். ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். தயவுசெய்து மூத்த பிள்ளையை உட்காரவைத்து, தம்பியைப் பற்றி மொழிபெயர்க்க விடாதீர்கள்.

"வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பேச்சு தாமதம்" என்று சொல்வார்கள். வீட்டு மொழி வேறு என்பது மட்டுமே கற்றல் குறைபாடு ஆகாது என்று சட்டமும் சொல்கிறது, அது சரிதான். ஆனால் பிள்ளை தமிழிலும் தடுமாறினால் அந்தச் சாக்கு செல்லாது. நாலு வயதாகியும் "தண்ணி வேணும்" என்று சொல்லாமல், உங்கள் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாயில் வைக்கிறது என்றால், அதை அப்படியே எழுதுங்கள்.

2. கடிதம்

ஐ.பி.எஸ்.இ.ஏ. என்ற தொண்டு நிறுவனத்தின் இணையதளத்தில் மாதிரிக் கடிதம் இலவசமாகக் கிடைக்கும். அதை எடுத்து நிரப்புங்கள். மேலே சொன்ன சட்டத்தின் 36(8)ஆம் பிரிவின்படி கவுன்சில் பார்க்க வேண்டியது இரண்டுதான்: பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவை இருக்கிறதா, அல்லது இருக்கலாமா, அதற்கு இ.எச்.சி. திட்டம் தேவைப்படலாமா. 'இருக்கலாம்', 'தேவைப்படலாம்' என்பதே போதும். "பள்ளி முதலில் 6,000 பவுண்ட் செலவு செய்ததா?" என்று கேட்கிற கவுன்சில்கள் உண்டு. அது பள்ளியின் பட்ஜெட் விஷயம், சட்டம் வைத்த அளவுகோல் அல்ல.

கடிதத்தில் "கவனம் குறைவு, அடம் பிடிப்பாள்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "காலையில் சீருடை போட முக்கால் மணி நேரம், காலரில் உள்ள லேபிள் உரசினால் சட்டையைக் கழற்றி எறிவாள், உணவு நேர மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவாள்" என்று எழுதுங்கள். நம்மில் பலருக்குப் பிள்ளையின் குறையை எழுத்தில் போட மனசு வராது, 'நன்றாகத்தான் இருக்கிறான், கொஞ்சம் மெதுவு' என்று பூசி மெழுகுவோம். இந்தக் கடிதத்தில் அது வேண்டாம்.

3. நாட்காட்டி

கடிதம் போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து 6 வாரத்துக்குள், மதிப்பீடு செய்வார்களா என்று பதில் வர வேண்டும். ஒப்புக்கொண்டால் கல்வி உளவியலாளர், பள்ளி, மருத்துவத் துறை எல்லோரிடமும் அறிக்கை வாங்குவார்கள். மொத்தம் 20 வாரத்துக்குள் இறுதித் திட்டம் கையில் இருக்க வேண்டும். நடைமுறையில் தாமதம் சகஜம், அதனால் கெடு தாண்டிய மறுநாளே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

4. திட்டத்தின் வரைவு வந்தால்

சந்தோஷத்தில் உடனே சரி சொல்லிவிடாதீர்கள். கருத்துச் சொல்ல குறைந்தது 15 நாள் தருவார்கள், விரும்பும் பள்ளியையும் அப்போதே சொல்ல வேண்டும். 'பி' பகுதியில் தேவைகள், 'எஃப்' பகுதியில் அவற்றுக்கான உதவிகள். பி-யில் உள்ள ஒவ்வொரு தேவைக்கும் எஃப்-இல் பதில் இருக்கிறதா என்று பென்சிலை வைத்துக்கொண்டு ஒன்றொன்றாகக் கோடு போட்டுப் பாருங்கள். எஃப்-இல் எழுதியதைச் செய்துகொடுப்பது கவுன்சிலின் சட்டக் கடமை, அதனால்தான் அங்கே வார்த்தைகள் வழுக்கும். "ஸ்பீச் தெரபிக்கு ஆக்சஸ் இருக்கும்", "தேவைக்கேற்ப உதவி" என்பதெல்லாம் ஒன்றுமே இல்லாததற்குச் சமம். "வாரம் ஒரு முறை, 45 நிமிடம், தனியாக, தகுதி பெற்ற ஸ்பீச் தெரபிஸ்ட்" என்கிற மாதிரி, யார், எவ்வளவு, எத்தனை தடவை என்று எழுதித் தரக் கேளுங்கள்.

5. மறுத்தால்

முதல் மறுப்போடு நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். கவுன்சிலின் முடிவை எதிர்த்து ட்ரிப்யூனலுக்கு (தீர்ப்பாயம்) போகக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து 2 மாதம், அல்லது மீடியேஷன் (கவுன்சிலோடு சமரசப் பேச்சு) சான்றிதழ் தேதியிலிருந்து 1 மாதம், இதில் எது பிந்தியதோ அதுவரை மேல்முறையீடு செய்யலாம். சான்றிதழுக்காக மீடியேஷனில் போய் உட்கார வேண்டியதில்லை. கடிதத்தில் உள்ள எண்ணை அழைத்து "எனக்கு மீடியேஷன் வேண்டாம்" என்று சொன்னாலே 3 வேலை நாளில் அனுப்புவார்கள். படிவம் நிரப்பத் தயக்கமாக இருந்தால் உங்கள் பகுதியின் 'சென்டியாஸ்' (சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கான ஆலோசனை) சேவையைக் கேளுங்கள், ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் உண்டு, இலவசம். அங்கே சந்திக்க நாள் கிடைக்கத் தாமதமாகலாம், எனவே மறுப்புக் கடிதம் வந்த அன்றே கூப்பிட்டுவிடுங்கள்.